ஏழு மைதானங்களும் ஐந்து நாட்களும்

கிரிக்கெற் ஆட்டத்தில் இரு விக்கெற்றுக்களுக்கும் இடையேயுள்ள தூரம் 22 யார். யாழ்ப்பாணத்திலும் அவ்வளவுதான், இலண்டனிலும் அவ்வளவுதான். வலைப்பந்து, கரப்பந்து, டெனிஸ் முதலிய ஆட்டங்களுக்கும் கோடு கீறி அளவு வகுத்துள்ளனர். கோல்ப் ஆட்டம் இத்தகையதன்று. பந்து வீழவேண்டிய குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று விதி உண்டு. அக்குழியை நோக்கிப் பந்து செல்லவேண்டிய நிலத்துக்கோ நிலையான வடிவமும் இல்லை. நிலையான அளவும் இல்லை. மேடும் பள்ளமும், மணலும் புல்லும், ஓடையும் காற்றும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே கோல்ப் ஆடுவதற்கென்று பிரயாணம் செய்பவர் மைதானத்தைத் தெரிவு செய்யும்போதே ஆட்டத்தையும் தெரிவு செய்துவிடுகிறார்.

நேயர்களே, வெளியூர் சென்று சில நாட்கள் தங்கிக் கோல்ப் ஆடி வருவோர் இன்று உலகிற் பலர். பல மைதானங்கள் அருகருகே அமைந்த இடங்களையே அவர்கள் நாடுவர். இருக்கும் நாட்களோ சில, மைதானங்களோ பல. எவற்றில் ஆடுவது, எவற்றை விடுவது என்பதே அங்கு எழும் முதல் வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்கு ஸ்கொத்லாந்து தேசத்தின் கீழைக் கரையிலுள்ள சென் அன்றூஸ் என்னும் சிறு நகரை இன்று எடுத்துக்கொள்வோம். கோல்ப் ஆட்டத்தின் தாயகம் என்று உலகம் போற்றும் நகர் அது.

இது செல்வர் விளையாட்டு, நமக்கு இதில் என்ன என்று நேயர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும் சென் அன்றூஸின் சரித்திரம் வேறொரு விடையைத் தருகின்றது. அந்நகரின் கடலோரத்துப் புன்செய் மணல்வெளி, லிங்க்ஸ் எனப்படுவது, ஆதியிலிருந்தே ஊரவரின் பொதுநிலமாக இருந்தது. 1552ஆம் ஆண்டில் அதிமேற்றிராணியார் ஜோன் ஹமில்ரன் என்பவர் அந்நிலத்தில் முயல் வளர்க்கும் அனுமதியை நகரத்தாரிடமிருந்து பெற்றபோது, கோல்பும் உதைபந்தும் பிறவும் அங்கு ஆடுவதற்கு ஊரவர்க்குள்ள உரிமையைச் சாசனமெழுதி உறுதிப்படுத்தினார். 1797இல் நகரசபை கடனில் மூழ்கி நிலத்தைக் கைவிட நேர்ந்தது. வாங்கியவர்கள் முயற்பண்ணை நடத்தினர். முயல் வளர்ப்போருக்கும் பந்தாடுவோருக்கும் இடையே பல்லாண்டு வழக்கும் பூசலும் நிகழ்ந்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதனை வாங்கி ஆட்டத்துக்கென்று காத்தார். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நிலம் மீண்டும் நகரத்தார் கைக்கு வந்தது. இன்று 1974ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த தருமகர்த்தா சபையொன்று அதனைப் பரிபாலித்து வருகின்றது.

முதலாங் குழிக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கல்மாளிகை றோயல் அன்ட் ஏன்ஷன்ற் கழகத்துக்குரியது. 1754இல் தொடங்கிய அக்கழகம் 2014இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்பதற்கு வாக்களித்தது. ஆனால் மாளிகை கழகத்தினுடையதேயன்றி, மைதானம் கழகத்தினுடையதன்று. முதலாங் குழியையும் பதினெட்டாங் குழியையும் ஊடறுத்துப் பொதுத்தெருவொன்று செல்கின்றது. உலகப் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரனும், கடற்கரைக்குப் போகும் ஊர்ப் பெண்ணுக்காகச் சற்றுப் பொறுத்துத்தான் பந்தை அடிக்கவேண்டும். யாரும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடிய பொது மைதானங்கள் இவை என்பதனாலேயே தெரிவு பற்றிய நம் வினா பயனுடையதாகின்றது. கதவு அடைத்த இடத்தில் தெரிவுக்கு இடமேது?

அச்சபையின் பராமரிப்பில் ஏழு மைதானங்கள் உள. அவை பழைய மைதானம், 1895இல் அமைந்த புதிய மைதானம், 1897இல் அமைந்த ஜூபிலி, 1914இல் அமைந்த ஈடன், 1993இல் திறக்கப்பட்ட ஸ்ரத்தைரம், ஒன்பது குழிகள் மட்டுமேயுள்ள பல்கோவ், 2008இல் திறக்கப்பட்ட காஸில் என்பன. பழையதுக்கும் புதியதுக்கும் இடையே தெரிவு செய்கிறோம் என்று எண்ணற்க. அங்கே ‘புதியது’ என்பதற்கும் நூற்றிருபத்தைந்து வயது கடந்துவிட்டது.

பிரயாணிகளுட் பெரும்பாலோர் பழைய மைதானம் என்ற ஒரே பெயரை உள்ளத்தில் இருத்திக்கொண்டு வருகின்றனர். அதில் வியப்பில்லை. கோல்ப் ஆட்டத்துக்கு 18 குழிகள் என்ற கணக்கே 1764இல் அங்கு ஏற்பட்ட மாற்றத்திலிருந்து பரவியதாகும். அதற்கு முன் ஒரு சுற்றுக்கு 22 குழிகள். அங்கே ஏழு புற்றரைகள் இரட்டைப் புற்றரைகள். போகும்போது ஆடும் குழியும் திரும்பும்போது ஆடும் குழியும் ஒரே தரையில் இருக்கும். இரண்டாவதும் பதினாறாவதும் ஒரு தரை, மூன்றாவதும் பதினைந்தாவதும் ஒரு தரை, இவ்வாறே பிறவும். எந்தச் சோடியைக் கூட்டினும் பதினெட்டு வரும் என்பது கணித ஆசிரியர் மகிழத்தக்க ஒரு செய்தி. மணற்பள்ளங்கள் 112 என்பர். அவற்றைப் பங்கர் என்பது ஆட்டக்காரர் வழக்கு. அச்சொல்லை நம் நாட்டவர் வேறொரு துயரமான தேவையால் அறிந்தனர். அங்கே அது பந்து புதையும் பள்ளம் மட்டுமே. பதினாலாங் குழிக்குரிய பெரும் பள்ளத்துக்கு நரகம் என்றே பெயர்.

இத்தனை புகழிருந்தும், முதன்முறை காண்பவருக்குப் பழைய மைதானம் ஏமாற்றம் அளிப்பதுண்டு. அலங்கார மரங்கள் இல்லை, குளங்கள் இல்லை. மேடுகள் பல பள்ளங்களை மறைத்து நிற்பதால், எத்திசையில் அடிக்கவேண்டும் என்பதே தெளிவாகாது. அமெரிக்க வீரர் பொபி ஜோன்ஸ் 1921இல் தமது இளவயதில் அங்கு வந்தபோது, பதினோராங் குழியருகே மணற்பள்ளத்தில் அகப்பட்டு, வெறுப்புற்று அச்சுற்றை இடையிலே கைவிட்டார். அவரே 1927இல் அதே மைதானத்தில் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்றார். 1930இல் அங்கு மற்றுமொரு பெரும் பட்டத்தையும் பெற்றார். 1958இல் நகரத்தார் அவரைத் தம் ஊரவருள் ஒருவராக ஏற்றுக் கௌரவித்தனர். அந்நிலத்தை விளங்கிக்கொள்ள ஜோன்ஸ் போன்றவருக்கே ஒரு முறை போதவில்லை. வாழ்நாளில் ஒரே தடவை, ஒரே நாள் ஆடுபவர் அதன் பெயரைப் பெற்றுத் திரும்புவாரேயன்றி அதன் சுவையைப் பெற்றுத் திரும்புவார் என்பது நிச்சயமில்லை.

அந்த ஒரு நாளும் எளிதிற் கிடைப்பதன்று. பழைய மைதானத்தில் ஆடும் நேரங்களுள் ஒரு பகுதி ஊரவர்க்கும் உள்ளூர்க் கழகங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதி திருவுளச்சீட்டால் வழங்கப்படுகின்றது. ஆடவிரும்புவோர் இருவர் முதல் நால்வர் வரை சேர்ந்து, இரண்டு நாட்களுக்கு முன்னரே பெயர் கொடுத்தல் வேண்டும். அன்று மாலை முடிவு வெளியாகும். தனியாக வருவோருக்கு வேறொரு குலுக்கல் உண்டு. ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் ஹண்டிகப் சான்றும் கொண்டு வருதல் வேண்டும். கோடைக் காலத்தில் ஒருவருக்குரிய கட்டணம் 300 பவுணுக்கு மேல். உறுதியான நேரத்தை உணவு விடுதியுடனும் பிறவற்றுடனும் சேர்த்துப் பெருந்தொகைக்குப் பெறும் வழியும் இருக்கின்றது. பொதுநிலத்தில் அதிர்ஷ்டத்தால் ஏழைக்கும் செல்வர்க்கும் சமமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றை விலை கொடுத்து உறுதிப்படுத்த வேண்டுமா என்பதை அவரவர் பணப்பையும் மனச்சான்றும் தீர்மானிக்கட்டும்.

ஆகவே நான் கூறும் முதல் யோசனை இதுவே. பழைய மைதானத்தை நம்பிக்கையாக வைத்துக்கொள்க, திட்டமாக வைத்துக்கொள்ளற்க. தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டிற் பெயர் கொடுத்துவருக. விழுந்தால் மகிழ்ச்சி, விழாவிடினும் பயணம் பாழாகாதவாறு மற்றைய நாட்களை அமைத்துக்கொள்க. ஒரு சீட்டை நம்பிக் கடல் கடந்து சென்று, அது விழவில்லை என்று விடுதி அறையில் முகம் வாடியிருப்பது பேதைமை. அடுத்த வேலிக்கு அப்பால் அதே மணல், அதே புல், அதே காற்று காத்திருக்கின்றன.

மற்றைய மைதானங்களைத் தெரிவதற்கு மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் நலம். என் ஆட்டத்தின் தரம் என்ன? என் கால்களின் வலிமை என்ன? என்னுடன் வருவோர் யார்? அங்கு நடந்தே ஆடுதல் மரபு. ஒரு சுற்றுக்கு நாலு மைலுக்குக் குறையாத நடை உண்டு. அதுவும் கடற்காற்றை எதிர்த்து நடக்கவேண்டும். மட்டைகளைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளரைக் கூலிக்கு அமர்த்தலாம். நடையைக் கூலிக்கு விடமுடியாது.

புதிய மைதானம் பழையதன் பக்கத்திலே கிடக்கின்றது. பழைய மைதானத்தைப் பல்லாண்டு காத்த ரொம் மொறிஸ் என்பவரின் கைவண்ணம் இதிலும் உண்டு. இதன் வழிகள் தெளிவானவை. அடிக்கவேண்டிய திசையை நிலமே காட்டும். இரட்டைப் புற்றரைகளும் ஓரிடத்திற் காணலாம். உள்ளூரவருள் இதனையே பெரிதும் விரும்புவோர் உளர். பழைய மைதானத்துக்கு மிகவும் அண்மையான அனுபவத்தைத் தேடுவோர் முதலில் இதனையே கொள்க.

ஜூபிலி மைதானத்தின் வரலாறு சுவையானது. விக்ரோறியா மகாராணியாரின் வைரவிழாவை ஒட்டி 1897இல் பெண்களுக்கும் புதிதாகப் பழகுவோருக்கும் என்று அது தொடங்கப்பட்டது. பின்னர் படிப்படியாக நீண்டு, 1980களின் பிற்பகுதியில் டொனால்ட் ஸ்ரீல் என்னும் நிபுணர் திருத்தியமைத்தபின், அங்குள்ளவற்றுட் கடுமையானது என்ற பெயரைப் பெற்றுவிட்டது. கடலுக்கு அண்மையில் இருப்பதால் காற்றின் வேகம் அதிகம். நன்கு ஆடத்தெரிந்தோர்க்கு இது உரைகல். தெரியாதோர்க்கு இது பந்துகளைத் தொலைக்கும் இடம்.

ஈடன் மைதானம் அப்பெயருடைய ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்தது. ஹரி கோல்ற் என்னும் பேர்பெற்ற நிபுணர் அமைத்தது. தூரத்திலும் பார்க்க நுட்பத்துக்கு அதிக இடங்கொடுப்பது. நடுத்தர வயதினர்க்கும் நடுத்தர ஆட்டக்காரர்க்கும் மிக ஏற்றது. ஸ்ரத்தைரம் இன்னும் எளியது, நீளம் குறைந்தது, மணற்பள்ளங்களும் சிலவே. நெடும் பிரயாணத்தால் உடல் அலுத்திருக்கும் முதல்நாளுக்கு அதனைக் காட்டிலும் தக்கது வேறில்லை. பல்கோவ் சிறுவர்க்கும் தொடக்கநிலையினர்க்கும் உரியது. குடும்பத்துடன் செல்வோர் அதனை இழிவாகக் கருதலாகாது. பேரப்பிள்ளையுடன் ஆடிய ஒன்பது குழிகள் நினைவில் நெடுநாள் நிற்கும்.

காஸில் மைதானம் இவற்றினின்றும் வேறானது. நகருக்குக் கிழக்கே கடலோரப் பாறை விளிம்பில், முன்னர் விளைநிலமாக இருந்த இடத்தில், டேவிட் மக்லே கிட் என்பவரால் அமைக்கப்பட்டது. நகரின் கோபுரங்களையும் கடலையும் ஒருங்கே காணும் காட்சி அங்கு உண்டு. புற்றரைகளின் ஏற்ற இறக்கம் மிகக் கடுமை என்று தொடக்கத்தில் முறைப்பாடுகள் எழுந்தன; பின்னர் சிலவற்றைத் தணித்தனர். காட்சிக்காகச் செல்வோர் செல்க. ஆனால் அது மனிதன் இயந்திரத்தால் வனைந்த நிலம். லிங்க்ஸ் என்பது கடலும் காற்றும் வனைந்த நிலம். அவ்வேறுபாட்டை அறிந்து செல்லுதல் நன்று.

இனி, புதன்கிழமை மாலை வந்து சேர்ந்து, வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாட்கள் தங்கும் ஒருவருக்கு ஒரு திட்டம் வகுத்துப் பார்ப்போம். வியாழனன்று ஸ்ரத்தைரம் அல்லது ஈடன். உடல் காற்றோடு பழகட்டும். வெள்ளியன்று புதிய மைதானம். சனியன்று வல்லவராயின் ஜூபிலி. காட்சி விரும்பியாயின் காஸில். திங்களன்று, இவற்றுள் எது உள்ளத்தைக் கவர்ந்ததோ அதனையே இரண்டாம் முறை ஆடுக. இதனைப் பலர் ஏற்கமாட்டார்கள். வந்த இடத்தில் ஒன்றையே இருமுறை ஆடுவதா, மற்றொன்றையும் பார்த்துவிடலாமே என்பர். பார்த்தவற்றின் தொகையைப் பெருக்குவது வேறு. ஒன்றை அறிந்துகொள்வது வேறு. காற்று திசை மாறினால் அதே குழி வேறொரு குழியாகிவிடும் என்பதை இரண்டாம் நாளிலேதான் உணரமுடியும். வியாழன், வெள்ளி, சனி, திங்கள் ஆகிய நான்கு நாட்களுக்கும் பழைய மைதானத்துச் சீட்டிற் பெயர் இருக்கட்டும். எந்நாளுக்கு விழுகின்றதோ அந்நாளின் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமையை ஏன் விட்டேன் என நேயர்கள் கேட்பர். ஞாயிறன்று பழைய மைதானத்தில் வழக்கமாக ஆட்டமில்லை. பெரும் போட்டிகள் நிகழும் காலம் மட்டும் விலக்கு. நிலத்துக்கு ஓய்வளிப்பது அந்நகரின் நெடுநாள் வழக்கம். அன்று அது ஊரவர் உலாவும் பூங்காவாகிவிடும். குழந்தைகள் ஓடுவர், முதியோர் நடப்பர், நாய்களும் கூடவரும். கட்டணமில்லை, சீட்டுமில்லை, ஹண்டிகப் சான்றுமில்லை. முதலாங் குழியிலிருந்து பதினெட்டாங் குழிவரை நடந்து, நரகப் பள்ளத்தை எட்டிப் பார்த்து, ஸ்வில்கன் ஓடைமீதுள்ள சிறு கற்பாலத்தில் நின்று திரும்பலாம். மறுநாள் சீட்டு விழுந்தால், எங்கே பள்ளம் ஒளிந்திருக்கின்றது என்பதை அறிந்த கண்களோடு ஆடலாம். விழாவிட்டாலும், உலகின் மிகப் புகழ்பெற்ற மைதானத்தை அங்குலம் அங்குலமாகக் கண்டவர் என்ற பேறு உண்டு. ஐந்து நாட்களுள் ஒன்று ஞாயிறாக அமையும்படி பிரயாணத்தை வகுத்துக்கொள்ளுதல் நான் சொல்லும் யோசனைகளுள் தலையாயது.

உடன்வரும் மனைவியோ கணவரோ ஆடாதவராயின் அவர்க்கும் வழியுண்டு. பழைய மைதானத்தின் அருகே, மேடுபள்ளமான ஒரு புற்றரைக்கு ஹிமாலயாஸ் என்று பெயர். 1867இல் தொடங்கிய பெண்கள் கழகத்துக்குரியது அது. தோளுக்கு மேல் மட்டையை ஓங்குதல் பெண்களுக்கு அழகன்று என்று கருதப்பட்ட அக்காலத்தில், பந்தை மெல்ல உருட்டி ஆடுவதற்கென்று அமைத்தனர். இன்று யாரும் சிறு கட்டணம் கொடுத்து அங்கு ஆடலாம். நம் இமயத்தின் பெயரைச் சிறு புல்மேட்டுக்குச் சூட்டி மகிழும் அந்நகரத்தாரின் நகைச்சுவையும் இரசிக்கத்தக்கதே. 1413இல் தோன்றிய பல்கலைக்கழகமும், பழைய பேராலயத்தின் இடிபாடுகளும் நடைதூரத்தில் உள. குளிர்காலத்தில் மைதானக் கட்டணங்கள் குறையும். ஆனால் பகற்பொழுது சுருங்கிவிடும். பழைய மைதானத்தில் புல்லைக் காக்கும்பொருட்டுச் சிறு பாய்த்துண்டின்மேல் பந்தை வைத்து அடிக்கவேண்டியும் வரும்.

ஸ்கொத்லாந்து செல்ல வாய்ப்பில்லாதோர்க்கும் இத்தெரிவுமுறை பயன்படும். ஜூபிலியைத் திருத்திய அதே டொனால்ட் ஸ்ரீல்தான், கண்டியை அடுத்த திகனையில் விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள மைதானத்தையும் அமைத்தார். 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகம் முதலில் ஆடியது நாமெல்லாம் காற்று வாங்கும் காலிமுகத்திடலில். இன்றைய அதன் மைதானத்தினூடே புகையிரதப் பாதை செல்கின்றது. 1889இல் தோன்றிய நுவரெலியா மைதானமோ ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது. மெல்லிய காற்றில் பந்து சற்றுத் தொலைவு கூடுதலாகப் பறக்கும். ஒன்று சமநிலம், ஒன்று நீர்க்கரை, ஒன்று மலை. மூன்றும் ஒன்றுக்கொன்று மாறானவை என்பதே, மூன்று நாட்பயணத்தில் அம்மூன்றையும் தெரிவதற்குப் போதிய காரணம்.

உயர்தர வகுப்புக்குப் பாடந்தெரியும் காலத்தில் மாணவர் பலர் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பர். எந்தப் பாடத்துக்கு மதிப்பு அதிகம் என்பதே அவர்கள் கேட்கும் வினா. எந்தப் பாடம் உனக்குப் பொருந்தும், எதனை இரண்டாம் முறை படித்தாலும் சலிக்காது என்பதே நான் திருப்பிக் கேட்கும் வினா. மைதானம் தெரிவோர்க்கும் அவ்வினா பொருந்தும். பெயர் பெற்ற இடத்தில் ஆடினேன் என்று ஊரில் வந்து சொல்வதற்கு ஒரு நாள் போதும். தன் தரமறிந்து, தனக்கேற்ற நிலந்தெரிந்து, காற்றோடும் மணலோடும் நட்புக்கொண்டு ஆடியவர்க்கோ, அடித்த அடிகளின் கணக்கு மறந்துபோன பின்னும் அந்நிலம் நினைவில் நிற்கும்.